பச்சைக் குலை தள்ளின செவ்வாழை

ஒரு ஊர்ல ஒரு சந்தேகக்காரி இருந்தா. பேரு வடிவம்மை. கெட்டவ இல்ல, நல்லவதான். ஆனா எதையும் சும்மா நம்ப மாட்டா. பால்காரன் சிரிச்சா தண்ணி கலந்துட்டான்னு நினைப்பா. சிரிக்கலைன்னா நிறையவே கலந்துட்டான்னு நினைப்பா. மழை வரும்னு ரேடியோல சொன்னா வெளியில வந்து ஆகாசத்தைப் பாப்பா. வராதுன்னு சொன்னாலும் வந்து பாப்பா. நீ நடுவுல நடுவுல "ம்" போடணும், கேட்டியா? அப்பத்தான் நீ முழிச்சிருக்கன்னு எனக்குத் தெரியும்.

"ம்."

அந்த வடிவம்மைக்கு ஒரே மகன், ஆவுடை. கப்பல் பட்டறையில வெல்டிங் வேலை, வெளிநாட்டுல. கல்யாணம் முடிஞ்சு நாப்பதாம் நாள் கிளம்பிப் போயிட்டான். அப்புறம் வீட்டுல ரெண்டே பேரு. மாமியா வடிவம்மை, மருமக உலகம்மை.

உலகம்மைக்கு அம்மா கிடையாது. அப்பா மட்டும்தான். தாணுமாலயன்னு பேரு. பஸ்ல ஒரு மணி நேரம் போனா அவரு ஊரு, மலைக்கு அந்தப்பக்கம். செவ்வாழை போடுறவரு. மகளுக்குச் சீர் செஞ்சாருல்ல, பாத்திரம் பண்டமெல்லாம் செஞ்சது போக, ஒரு நாள் தடதடன்னு ஒரு வேன் வந்து நின்னுச்சு. உள்ள பாத்தா பன்னெண்டு செவ்வாழைக் கன்னு, ஈரச் சாக்குல சுத்தி, குழந்தையப் படுக்க வச்ச மாதிரி படுக்க வச்சிருக்கு.

வாழைன்னா பழம் மட்டும் சிவப்புன்னு நினைச்சுராத. செவ்வாழைக்கு மரமே சிவப்பு. தண்டு சிவப்பு, இலைக் காம்பு சிவப்பு, இலைக்கு நடுவுல ஓடுற நரம்புகூட சிவப்பு. வடிவம்மை ஒவ்வொரு கன்னையும் எடுத்து, சாயம் பூசியிருக்கான்னு நகத்தால சுரண்டிப் பாத்தா. சாயமெல்லாம் இல்ல.

அப்புறம் ஏசுவடியான்னு ஒருத்தரைக் கூப்பிட்டா. ஊர்ல எல்லாருக்கும் வாழை நடுறவரு அவருதான். அவரு சதக் சதக்குனு குழி வெட்டுனாரு. சாணம் போட்டு, கன்னை வச்சு, மண்ணை மிதிச்சுவிட்டாரு. வடிவம்மை வரப்புல உக்காந்து கடைசிக் கன்னுக்குக் கடைசி மண்ணு விழுற வரைக்கும் எந்திரிக்கல. கிணத்தோரம் நாலு, நடுவுல நாலு, வேலியோரம் நாலு. முடிஞ்சுது.

அப்போ மூணு மாசம் ஆச்சு. ஆறு மாசம் ஆச்சு. ஒரு வருஷம் ஆச்சு. அடுத்த தோட்டத்து மாசானம் அதே வாரத்துல நட்ட வாழை எல்லாம் குலை தள்ளி, முத்தி, வெட்டி, வண்டியில ஏத்தியும் அனுப்பியாச்சு. இவ வாழை மட்டும் சலசலன்னு இலையை ஆட்டிக்கிட்டு சும்மா நிக்குது. பூவே காணோம்.

வடிவம்மைக்குச் சந்தேகம் வந்துருச்சு. அதுதான் முதல் சந்தேகம். ஏசுவடியானைக் கூப்பிட்டு, நீரு மாசானத்துக்கும் நட்டுக் குடுத்தீரு, எனக்கும் நட்டுக் குடுத்தீரு, அவருக்கு மட்டும் எப்படிக் காய்ச்சுதுன்னு கேட்டா. செவ்வாழைக்கு ஒண்ணரை வருஷம் வேணும், அது மத்த வாழை மாதிரி அவசரப்படாதுன்னு அவரு சொன்னாரு. உலகம்மையும் அதையேதான் சொன்னா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதுனால வடிவம்மை, பேசி வச்சுக்கிட்டுச் சொல்லுதாங்கன்னு நினைச்சா.

உலகம்மை அவபாட்டுக்குத் தோட்டத்துக்குப் போவா. காஞ்ச இலையை சரசரன்னு அறுத்துப் போடுவா. பக்கத்துல முளைக்கிற கன்னை எல்லாம் வெட்டிவிடுவா, தாய்மரத்துச் சத்தை அது குடிச்சுருமாம். குலை வந்தா பாரம் தாங்காதுன்னு பன்னெண்டு மூங்கில் கம்பை முன்கூட்டியே வெட்டிச் சாத்தி வச்சா. அப்பா தோட்டத்துல வளந்தவல்ல, எல்லாம் தெரியும்.

தூங்கிட்டியா?

"ம்கூம்."

சரி. அப்போ ஒண்ணு நடந்துச்சு. கிணத்தோரம் நாலு மரம் சொன்னேன்ல, அதுல கடைசி மரம். அதோட தண்டு கொஞ்சம் கொஞ்சமா பச்சையாகுது. முதல்ல ஒரு கோடு. அப்புறம் ஒரு பட்டை. அப்புறம் பாதித் தண்டு. புதுசா விட்ட இலைக்கு நரம்பும் பச்சை. மத்த பதினொண்ணும் செக்கச்செவேல்னு நிக்குது, இது மட்டும் ஊர் வாழை மாதிரி நிக்குது.

ரெண்டாவது சந்தேகம் பிடிச்சுக்கிச்சு. மாசானம்தான் வேலி தாண்டி வந்து மரத்தை மாத்திட்டாருன்னு நினைச்சா. ஆளுயர மரத்தை எப்படி மாத்துவாங்க? அதெல்லாம் யோசிக்கல. பன்னெண்டு மரத்துக்கும் அடையாளமா ஒரு நூலைக் கட்டுனா. பொழுது சாயுற நேரத்துல அடுப்புச் சாம்பலை ஒரு கூடை அள்ளிட்டுப் போயி அந்தக் கடைசி மரத்தைச் சுத்தித் தூவிட்டு வந்தா. யாரு வந்தாலும் கால் தடம் விழுமில்ல?

காலையில விறுவிறுன்னு போயிப் பாத்தா. கட்டுன நூல் கட்டுனபடி இருக்கு. ஆனா சாம்பல்ல தடம் இருக்கு. சின்னக் காலு. பக்கத்துல குனிஞ்சு பாத்தா, ரெண்டாவது விரல்ல மெட்டி பதிஞ்சிருக்கு.

மாசானம் மெட்டி போட மாட்டாருல்ல?

"போட மாட்டாரு."

அந்த வீட்டுல மெட்டி போட்டது யாரு? உலகம்மைதான்.

வடிவம்மை ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். அதை மனசுக்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்டா. அதுல இருந்து உலகம்மை குழம்பு ஊத்துனா முகத்தைப் பாக்குறா. போன்ல அப்பாகிட்ட பேசுனா கதவோரம் நிக்குறா. உலகம்மை குரலைத் தாழ்த்துனா, என்னத்தையோ மறைக்கான்னு நினைச்சா. குரலை உசத்துனா, நான் கேக்கணும்னே பேசுதான்னு நினைச்சா. வீட்டுல ரெண்டு பேரு இருக்காங்க, பாத்திரம் மட்டும்தான் லொடலொடன்னு பேசுது.

அப்புறம் பூ வந்துச்சு. சொன்ன மாதிரியே ஒண்ணரை வருஷத்துல. ஒவ்வொரு மரமா உச்சியில இருந்து தொங்கிச்சு, உன் தலை அளவு பூ. மடல் ஒவ்வொண்ணா டப்பு டப்புன்னு கீழ விழ, உள்ள இருந்து குட்டிக் குட்டிக் காய் எட்டிப் பாத்துச்சு. நடுவுல நாலும் சிவப்பு. வேலியோரம் நாலும் சிவப்பு. கிணத்தோரம் மூணு சிவப்பு. கடைசி மரத்துல பச்சை. நல்ல கிளிப்பச்சை.

வடிவம்மை அந்தக் குலைக்கு அடியில நின்னுக்கிட்டு உலகம்மையைக் கூப்பிட்டா. அவ கையில மூங்கில் கம்போட வந்தா, முட்டுக் குடுக்கணும்ல.

"உங்க அப்பா பன்னெண்டுல ஒண்ணு கள்ளக் கன்னு வச்சு அனுப்பிருக்காரு," அப்படின்னா வடிவம்மை. "அது உனக்குத் தெரியும். சாம்பல்ல உன் காலு இருந்துச்சு. அப்பனும் மகளுமாச் சேந்து மறைச்சிருக்கீங்க."

உலகம்மை கம்பை மெதுவா மரத்துல சாச்சு வச்சா. "யாரும் மறைக்கல அத்தை, இது தானா மாறுனது. திரும்பச் சிவப்பாயிருச்சான்னு பாக்கத்தான் வந்தேன்," அப்படின்னா. "உங்களுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். தினமும் விடியுறதுக்குள்ள வந்து பாப்பேன். நீங்க அப்பாவை ஏதும் சொல்லிருவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

அதையும் வடிவம்மை நம்பல. அதையும்னு சொல்றேன் பாரு, அவ கண்ணு கலங்கி நின்னதையும் நம்பல.

அன்னைக்கு மத்தியானப் பஸ்லயே உலகம்மை கிளம்பிட்டா. ஒரு பையில துணி. கிளம்பும்போது உலையில அரிசி போட்டுருக்கேன், பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டுப் போனா. அவ்வளவுதான்.

அப்போ வீடு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிற? கடிகாரம் டிக் டிக்குங்குது. கொல்லைக் கதவு கிரீச்சுங்குது. ஆவுடை போன் போட்டு, என்னம்மா, ஒரு வாழை மரத்துக்காகவா அவளை அனுப்புனீங்கன்னு கேட்டான். நான் எங்க அனுப்புனேன், அவளாத்தான் போனான்னு சொல்லிட்டு போனை வச்சுட்டா. ஆனா சாப்பாடு இறங்கல. ஒரு நாள், ரெண்டு நாள், எட்டு நாள் ஆச்சு. சம்பந்தி வந்து கெஞ்சுவாருன்னு பாத்தா, ஆளையே காணோம். ஏன் வரல? அங்க என்னமோ திட்டம் போடுதாங்க. அதுதான் மூணாவது சந்தேகம். கையும் களவுமாப் பிடிச்சுரணும்னு ஒன்பதாம் நாள் பஸ் ஏறிட்டா.

சம்பந்தி ஊர்ல இறங்குனதும் வீட்டுக்குப் போகல. நேரா தோட்டத்துக்குப் போனா. அங்க செவ்வாழை மரம் வரிசை வரிசையா நிக்குது, காடு மாதிரி, தண்டெல்லாம் சிவப்பா. ஓரத்துல மட்டும் தனியா ஒரு ஏழெட்டு மரம். எல்லாத்துலயும் பச்சைக் குலை.

அகப்பட்டாருன்னு நினைச்சா வடிவம்மை. அப்போ தாணுமாலயன் மண்வெட்டியோட அந்தப் பக்கம் வந்தாரு. அவளைப் பாத்ததும் மண்வெட்டியைக் கீழ வச்சுட்டு, துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, வாங்க தங்கச்சி, வெயில்ல நடந்தா வந்தீங்கன்னு கேட்டாரு.

"இது என்ன அண்ணாச்சி?" அப்படின்னு பச்சைக் குலையைக் காட்டுனா.

அவரு கோவப்படல. வரப்புல உக்காந்தாரு. அவளும் உக்காந்தா. அவரு சொன்னதை அப்படியே சொல்றேன், கேளு.

"உலகு சின்னப் பிள்ளையா இருந்தப்போ எங்க தோட்டத்துல இப்படி ஒரு மரம் பச்சைக் குலை தள்ளுச்சு. என் வீட்டுக்காரி, அடுத்த வீட்டுக்காரிதான் கன்னை மாத்திட்டான்னு சொன்னா. ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளந்தவங்க. அன்னைக்கோட பேச்சை விட்டுட்டாங்க. பதினோரு வருஷம். என் வீட்டுக்காரி செத்தப்போ அந்தம்மா எங்க வாசல் வரைக்கும் வந்துட்டு, உள்ள வராம திரும்பிப் போனாங்க. அதுக்கு அடுத்த வருஷம்தான் ஒரு பச்சை மரத்தை அடியோட தோண்டி எடுத்தேன். ஒரே கிழங்குல ஒரு கன்னு சிவப்பா இருக்கு, ஒரு கன்னு பச்சையா இருக்கு. யாரும் மாத்தல தங்கச்சி. செவ்வாழை சில நேரம் தானா மாறிரும். எதுக்கு மாறுதுன்னு எனக்குத் தெரியாது. மாறுனதை ஓரமா நட்டு வச்சிருக்கேன். உங்களுக்கு நல்ல சிவப்பாப் பாத்துப் பொறுக்கித்தான் அனுப்புனேன். உள்ள இருந்ததை நான் எப்படிப் பாப்பேன்?"

உலகம்மை வீட்டுக்குள்ளதான் இருந்தா. வெளிய வரல. ஜன்னலோரம் அவ சேலைத் தலைப்பு மட்டும் தெரிஞ்சுது. வடிவம்மை ஒரு வாய் தண்ணி குடிச்சா, சாயங்காலப் பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பி வந்துட்டா.

நம்புனாளான்னு கேக்கிறியா? இல்ல. பாதி நம்புனா. பொண்டாட்டி செத்த கதையை யாரும் பொய்யாச் சொல்ல மாட்டாங்கன்னு ஒரு மனசு சொல்லுது. சொல்லுவாங்கன்னு இன்னொரு மனசு சொல்லுது. பஸ் பூரா ரெண்டு மனசும் அடிச்சுக்கிச்சு.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் மண்வெட்டி எடுத்தா. கிணத்தோரக் கடைசி மரத்தடிக்குப் போனா. அங்க ரெண்டு பக்கக்கன்னு மூக்கை நீட்டிக்கிட்டு இருந்துச்சு. உலகம்மை இருந்திருந்தா வெட்டியிருப்பா, அவதான் இல்லையே. ஒண்ணு பச்சை. இன்னொண்ணு சிவப்பு. சிவப்புக் கன்னு பக்கத்து மரத்து வேர்ல இருந்து வந்திருக்கும்னு நினைச்சா. சரி, தோண்டிருவோம்னு தோண்டுனா.

சதக். சதக். மண்ணு விலகுது. அப்புறம் மண்வெட்டி பட்டுக் கிழங்கு அறுந்துரக் கூடாதுன்னு முழங்கால் போட்டு உக்காந்து கையாலயே பறிச்சா. நகத்துக்குள்ள எல்லாம் மண்ணு. சிவப்புக் கன்னோட அடியைத் தடவிக்கிட்டே போனா. கை போகுது, போகுது. பக்கத்து மரத்துக்குப் போகல. பச்சை மரத்துக் கிழங்குலயே போயி முட்டி நின்னுச்சு. பச்சைக் கன்னோட அடியைத் தடவுனா. அதுவும் அங்கதான் வந்து நின்னுச்சு. ஒரு கிழங்கு. ரெண்டு பிள்ளை. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை.

வடிவம்மை ரெண்டு கன்னோட அடியையும் இன்னொரு தடவை தடவிப் பாத்தா. யாரும் மாத்தல. யாரும் ஏமாத்தல. யாரும் மறைக்கல. பயந்துபோயி தினமும் விடியக்காலையில வந்து பாத்துட்டுப் போன ஒரு பொண்ணு மட்டும்தான் இருந்திருக்கா.

அப்புறம் மண்ணை மூடுனா. குளிச்சா. முதல் பஸ் போயிருச்சு, ரெண்டாவது பஸ்ல ஏறுனா.

கேக்குதியா?

"...ம்."

அங்க உலகம்மை அப்பா வீட்டு முற்றத்துல நின்னு துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. மாமியாளைப் பாத்தா. உள்ள போகல, ஆனா வாங்கன்னும் சொல்லல. ஈரச் சேலையை உதறிக்கிட்டே நின்னா.

"உலகு, நான் தோண்டிப் பாத்துட்டேன்," அப்படின்னா வடிவம்மை.

"அப்பா சொன்னதை நம்பலையா?"

"நம்பல. அதான் தோண்டுனேன்."

உலகம்மைக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ரெண்டையும் அடக்கிக்கிட்டு, சேலையைக் கொடியில போட்டு ஓரத்தை இழுத்துவிட்டுட்டுக் கேட்டா: "இன்னொரு நாளைக்கு என்மேல சந்தேகம் வந்தா என்ன பண்ணுவீங்க அத்தை?"

வடிவம்மை யோசிச்சா. வராதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அவளைப் பத்தி அவளுக்கே தெரியும்ல?

"வரும்," அப்படின்னா. "வந்தா, சாம்பல் தூவ மாட்டேன். நேரா உன்கிட்ட வந்து கேக்கேன். நீ சொல்லுறதைக் கேட்டுக்கிடுதேன். நான் உன்னைச் சொன்னது தப்பு தாயி. உங்க அப்பாவைச் சொன்னதும் தப்பு."

உலகம்மை உடனே கிளம்பிறல. பத்து நாளா அழுதவ ஒரு வார்த்தையில கிளம்புவாளா? ரெண்டு நாள் கழிச்சு வாரேன், அப்பாவுக்குக் காய்ச்சல் விடட்டும்னு சொன்னா. நிஜமாவே காய்ச்சல்தானான்னு வடிவம்மைக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. வந்துச்சா, உடனே கேட்டுட்டா. நேரா, மருமக முகத்தைப் பாத்தே கேட்டுட்டா. ஆமா அத்தை, நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு, வந்து தொட்டுப் பாருங்கன்னு உலகம்மை அவ கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா.

வடிவம்மை உள்ள போனா. கட்டில் பக்கத்துல உக்காந்தா. தொட்டுப் பாக்கல. அடுப்படிக்கு எந்திரிச்சுப் போயி, அவருக்குக் கஞ்சி வச்சா.

"..."

ம் சத்தம் நின்னுபோச்சா. சரி, நானும் நிறுத்திக்கிடுதேன். அவங்க எல்லாரும் கஞ்சி குடிச்சுட்டுப் படுத்தாச்சு. நீயும் படு.