பேர் அழிச்ச அட்டவணை

அட்டவணையப் பார்த்ததும் மத்த ஏழு டீம் கேப்டன்களும் கையெழுத்துப் போடாம பேனாவ மூடிட்டாங்க. அப்பல்லாம் எங்க வாலிபால் லீக்ல வடக்கு, தெற்குன்னு ரெண்டு பிரிவு. லீக் தலைவர் ஆவுடையப்பன் போட்ட அட்டவணைல அவர் டீமுக்கு மட்டும் எல்லா மேட்சும் சொந்த மைதானத்துல, அதுவும் சொத்தை டீம்களோட!

"ஏல மரியசெல்வம், இது எல்லாருக்கும் நியாயமான அட்டவணை. சாயங்காலத்துக்குள்ள ஏழு கையெழுத்தும் வரணும். இல்லன்னா நாளைலருந்து வேலைக்கு வராத!"ன்னார் தலைவர்.

மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போடுற மரியசெல்வம், அட்டவணைல இருந்த டீம் பேரையெல்லாம் அழிச்சிட்டு நம்பர் போட்டார். கீழ ஒரே வரி: 'எந்த டீமுக்கு எந்த நம்பர்னு சீட்டு குலுக்கி எடுப்போம்.' ஏழு பேரும் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாங்க.

தலைவர் குதிச்சார். "ஏல, ஏழாம் நம்பருக்கு எல்லா மேட்சும் வெளியூர்லல்லா! அது எனக்கு விழுந்தா, எம் பசங்க சீசன் பூரா பஸ்லயேல்லா கெடக்கணும்!"

"எல்லாருக்கும் நியாயம்னு நீங்கதான சொன்னீங்க அண்ணாச்சி? அப்ப எந்த நம்பர் வந்தா என்ன?"

மைதானமே சிரிச்சுது. அன்னைக்கே தலைவர் கையாலயே புது அட்டவணை: சொந்தப் பிரிவோட ரெண்டு தடவ, அடுத்த பிரிவோட ஒரு தடவ, எல்லாருக்கும் பாதி மேட்ச் வெளியூர்ல. மரியசெல்வம் வேலையும் தப்பிச்சுது. அடடா, அப்படி ஒரு சீசன் அப்புறம் வரவே இல்ல! உங்க ஊர் லீக்லயும் இப்படி ஒருத்தர் இருந்தாரா?