கொக்கு என்ற பெயர் யாருக்கும் இல்லாமல் போன கதை

கணினி நிரல்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய களஞ்சியம் இருந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு நிரலை எழுதி அங்கே கொண்டுவந்து வைக்கலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். விலை கிடையாது. ஊர் ஊராக இருந்த கணினிகள் தமக்கு வேண்டிய நிரல்களை அங்கிருந்துதான் வரவழைத்துக்கொண்டன. கணினிக்கு முகம் பார்க்கத் தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிடும், வந்து நிற்பவரிடம் வேலையைக் கொடுக்கும், அவ்வளவுதான். அதனால் களஞ்சியத்தில் ஒரு பெயருக்கு ஒருவர்தான் என்று வைத்திருந்தார்கள். வாசலைக் காத்தவள் கோமளவல்லி.

அங்கே கொக்கு என்றொரு நிரல் நெடுநாளாக இருந்தது. கடலோரத்தில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. அசையாமல் நின்று பார்த்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். கணினி அவ்வப்போது அதைக் கேட்கும். கொக்கு “சரி” என்றால் பச்சை விளக்கு எரியும். வேறு எந்தப் பதில் வந்தாலும் கரையில் சங்கு ஊதும். ஆண்டு முழுக்க “சரி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவரை உலகம் எங்கே நினைவில் வைத்துக்கொள்கிறது? கழிமுகத்தில் இருந்த சில மீனவக் குப்பங்களைத் தவிர மற்றவர்கள் அதை மறந்தே போனார்கள்.

அப்போது இன்னொரு நிரல் வாசலில் வந்து நின்றது. பக்கம் பக்கமாகத் தேடி, கேட்ட படத்தைச் சட்டென்று கொத்தி எடுத்துத் தருவது அதன் வேலை. அதற்கும் கொக்கு என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரும் அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. நகரத்தார் எல்லாரும் அதைக் கொண்டாடினார்கள். “இதுக்குத்தான் அந்தப் பேர். அந்தக் கிழக் கொக்கை யாரு கேக்குறா? குடுக்க முடியாதுன்னா சொல்லிடுங்க, நாங்க வேற களஞ்சியத்துக்குப் போறோம்” என்று வாசலில் நின்று கத்தினார்கள்.

கோமளவல்லி பயந்துவிட்டாள். நல்லவள்தான், ஆனால் கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு வெலவெலத்துவிடும். பழைய கொக்கைக் கூப்பிட்டு, “நீ கரைக்கொக்குன்னு பேர் மாத்திக்கப்பா” என்றாள்.

“பேர் போனா போகட்டும்மா” என்றது அது. “ஆனா குப்பத்துக் கணினிங்களுக்கு என்னை வெறும் கொக்குன்னுதான் தெரியும். அதுங்க கூப்பிட்டா யாரு போவா?”

“வாசல்ல எழுதி ஒட்டிடுறேன். படிச்சுக்குவாங்க.”

எழுதி ஒட்டினாள். யார் படித்தார்கள்? நீங்கள் படிப்பீர்களா? குப்பத்துக் கணினிகள் வழக்கம்போல, கொக்கு என்ற பெயரில் புதுசு வந்திருக்கிறது என்றதும் பேசாமல் இறக்கிக்கொண்டன.

கழிமுகத்துக் குப்பம் ஒன்றில் சூசைராயன் என்பவன் அந்தப் பச்சை விளக்கு இருந்த குடிசையில் காவல் இருந்தான். அவன் மனைவி லூர்தம்மாள் மற்றப் பெண்களோடு, கடல்நீர் ஏறும் கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். குனிந்த தலையை நிமிர்த்தாத வேலை அது. வானத்தைப் பார்க்க மாட்டார்கள், காதை மட்டும் சங்குக்குக் கொடுத்திருப்பார்கள்.

அன்று பிற்பகலிலேயே வானம் கறுத்துவிட்டது. குடிசையின் கணினி, “கொக்கே, பார்த்துச் சொல்” என்றது.

புதுக் கொக்கு கண் விழித்தது. எங்கே வந்திருக்கிறோம் என்று அதற்குப் புரியவில்லை. பக்கங்களைத் தேடிப் பார்த்தது. ஒன்றுகூட இல்லை. படம் இல்லாவிட்டால் கொத்த ஒன்றுமில்லை, தவறும் ஒன்றுமில்லை. “சரி” என்றது. பச்சை எரிந்தது.

காற்று கூரையைப் பிய்த்தது. கணினி மறுபடியும் கேட்டது. மறுபடியும் “சரி.”

கதவின் அடியில் தண்ணீர் நுழைந்தது. சூசைராயன் காலைத் தூக்கிக்கொண்டு விளக்கைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். திரும்பவும் விளக்கைப் பார்த்தான். “பச்சையாத்தான எரியுது” என்று யாருக்கோ சொன்னான். “கொக்கு பொய் சொல்லாது. மழத்தண்ணியா இருக்கும். எங்கப்பன் காலத்துலேர்ந்து பாக்குறேன், கொக்கு பொய் சொல்லாது. லூர்து, வந்துரு புள்ள.”

அதைக் கேட்டதும் புதுக் கொக்கு திடுக்கிட்டது. எந்தக் கொக்கைச் சொல்கிறான்? இவனுடைய அப்பன் காலத்தில் நான் ஏது? அப்படியானால் நான் சொன்ன “சரி”யை இவன் எதற்கான பதிலாக எடுத்துக்கொண்டிருக்கிறான்? யாரோ ஒருத்தி எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறாள். என் சொல்லை நம்பித்தான் நின்றுகொண்டிருக்கிறாள்.

“கொக்கே, பார்த்துச் சொல்.”

முடியாது என்று சொல்லும் நிரலை அந்தக் காலத்தில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருமுறை வேலையின் நடுவே நின்று விழுந்தால் தூக்கி எறிந்துவிடுவார்கள். அது கொக்குக்குத் தெரியும். இன்னொரு “சரி” சொல்லிவிட்டால் தன் பிழைப்புக்கு ஒன்றும் வராது. வெளியே அலையின் இரைச்சல் கேட்டது.

“நான் அந்தக் கொக்கு இல்லை!” என்று அது அலறியது. “எனக்குத் தண்ணீரைப் பார்க்கவே தெரியாது!” அப்படியே விழுந்தது.

சங்கு ஊதியது.

சூசைராயன் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினான். கழி நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்து ஏறினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், லூர்தம்மாள் இல்லை. பெயரைச் சொல்லிக் கத்தினான், காற்று அதைத் தின்றுவிட்டது. கடைசியில் கழுத்தளவு தண்ணீரில், இன்னொருத்தியின் கூந்தலைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் வந்தாள். கரையில் விழுந்து, இருமி இருமி, அவள் கேட்டாள்: “ஏன்யா இவ்வளவு நேரம் ஊதல?”

அவன் தன் துண்டை அவிழ்த்து அவள் தோளில் போர்த்தினான்.

புதுக் கொக்கு களஞ்சியத்துக்குப் போய், “இந்தப் பெயர் எனக்கு வேண்டாம்” என்று அழுதது. கோமளவல்லிக்கு நடந்தது தெரிந்து கை கால் ஓடவில்லை. “அப்ப பழைய கொக்குக்கே திருப்பிக் குடுத்துடுறேன்” என்றாள்.

“எனக்கும் வேண்டாம்மா” என்றது பழைய கொக்கு. “இப்போ நகரத்துல கொக்குன்னா இவன்தான். அங்க ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில ஸ்கேன் படத்தை எடுத்துட்டு வான்னு கூப்பிடுவாங்க. நான் போய் நிப்பேன். தண்ணி இல்ல, சரின்னு சொல்லுவேன். டாக்டர் அதைக் கேட்டுட்டு என்ன செய்வாரோ, நெனச்சாலே குலை நடுங்குது.”

“அப்ப கொக்குன்னு யாராவது கூப்பிட்டா?”

“யாரும் போகக் கூடாது” என்றன இரண்டும். “இல்லைன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிடுங்க.”

ஒன்று கரைக்கொக்கு ஆனது, மற்றொன்று படக்கொக்கு ஆனது. நகரத்தார் கத்தத்தான் செய்தார்கள். கோமளவல்லி இந்த முறை அசையவில்லை. கூட்டத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்குள் குடியேறிவிட்டது.

அன்று முதல்தான், ஒரே பெயரோடு இரண்டு நிரல்கள் வந்து நின்று, பேசியும் தீராவிட்டால், இரண்டுமே பெயரை மாற்றிக்கொள்கின்றன. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடும் கணினிக்கு, “அப்படி யாரும் இங்கே இல்லை” என்ற பதில்தான் கிடைக்கிறது. அதைக் கண்டு எரிச்சல்படுகிறவர்கள், பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு மனைவிக்காகக் காத்திருந்ததில்லை.