அழிக்கச் சொன்ன ஒரு வரி

இந்தக் கதையின் விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. அவசரப்படாதவர்களுக்கு அகப்படும்.

கோவில்பட்டியில் செண்பகவல்லி என்று ஒருத்தி. அவள் புருஷன் பால்வண்ணன் லாரி மோதிச் செத்து ஏழெட்டு மாதம் இருக்கும். அன்றிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. குழம்பில் உப்பில்லை என்பதை மகள் சொன்னால்தான் தெரிந்துகொள்வாள். அவர் முகம் நினைவிருந்தது, குரல் மறந்துபோயிற்று. அவருடைய செல்போனும் அவரோடு நசுங்கிவிட்டது.

ஒருநாள் வங்கிக்குப் போன் போட்டாள். "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்றது இயந்திரம். அவளுக்குச் சட்டென்று உறைத்தது. கணக்கு இருவர் பேரிலும் கூட்டாக இருந்தது. போன வருஷம் அவர் இதே எண்ணில் பேசினார், நடுவில் அவளிடமும் போனைக் கொடுத்தார். அந்தப் பதிவைக் கேட்டு வங்கிக்கு எழுதினாள். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. மறுபடி எழுதியதற்கு, "உங்கள் கணவரின் தகவலை அவரேதான் கேட்க வேண்டும்" என்று பதில் வந்தது. செத்தவர் எந்த வாசலில் வந்து மனுக் கொடுப்பாராம்!

செண்பகவல்லிக்குக் கோபம்கூட வரவில்லை. கிளைக்கே போய், திரவியம் என்ற அதிகாரியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவுக தகவல் வேண்டாம் சார். அதுல நானும் பேசியிருக்கேன். என்னோடத மட்டும் குடுங்க."

யாரைப் பற்றிய தகவலோ அவர் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த வங்கியே எழுதிவைத்த விதி. திரவியம் பதிவை வரவழைத்தார். பால்வண்ணன் வங்கியோடு பேசிய பகுதியை ஊமையாக்கி அவளுக்கு அனுப்பினார்.

அடுப்படியில் உட்கார்ந்து கேட்டாள். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு வங்கிப் பெண் ஒருத்தி பிறந்த தேதி கேட்கிறாள். செண்பகவல்லி, "மாசி மாசம், மகத்துக்கு மறுநாள்" என்கிறாள். பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் தாமாகப் போட்ட தேதி வேறு, வங்கியில் இருப்பதும் அதுதான். பக்கத்திலிருந்து பால்வண்ணன் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொடுக்கிறார்:

"ஏட்டி, மாசி நம்ம வீட்டுக்கு. பேங்குக்கு நீ ஜூன் ஒண்ணு!"

அவர் பேசியதில் அந்த ஒரு வரி மட்டும் ஊமையாகவில்லை.

மறுநாள் மேலதிகாரி ஹேமலதா, திரவியத்தையும் இணைப்பில் வைத்துக்கொண்டு அவளை அழைத்தார். "அந்த வரி உங்க கணவர் குரல்மா. தவறுதலா வந்துடுச்சு, அழிச்சிடுங்க."

"தவறுதலா இல்ல மேடம். தெரிஞ்சுதான் விட்டேன்" என்றார் திரவியம்.

"இரக்கப்பட்டு விதிய மீறலாமா?"

"இரக்கமே படல மேடம். விதிப்படிதான் விட்டேன்."

செண்பகவல்லியின் விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலே நிற்கிறது. இருவரில் யார் சொன்னது சரி? அவள் அந்த வரியை அழிக்க வேண்டுமா?

விடை: திரவியம் சொன்னதே சரி. தகவல் யாரைப் பற்றியது என்றுதான் விதி கேட்கிறது, யார் வாயிலிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அந்த வரியில் பால்வண்ணனைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. மாசியும் அவளுடையது, ஜூனும் அவளுடையது. அவள் அழிக்கவில்லை. போனை வைத்துவிட்டு மறுபடி அதைப் போட்டுக் கேட்டாள். அன்றைக்குத்தான் அழுதாள்.