நிழலுக்கு நிழல் கொடுத்தவர்கள்

செங்கழனிப்பேட்டைக்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பேர் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் அந்த ஊர் ரோட்டில் நடந்தால் செருப்பு தாரோடு ஒட்டிக்கொள்ளும். ரோட்டை அகலமாக்குகிறோம் என்று இருந்த மரத்தையெல்லாம் வெட்டிவிட்டார்கள். மிச்சம் சந்தைமேட்டில் ஒரே ஒரு புங்கமரம். அதனடியில்தான் வடிவாம்பா இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். கையில் கரிப்பெட்டி கொதிக்கிற பொம்பளைக்குத் தலைக்கு மேலேயும் கொதித்தால் எத்தனை நாள் நிற்பாள்?

வனத்துறையிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார். "மரத்துக்குப் பக்கத்துல இருக்கிற காலி மைதானத்துல ஐநூறு கன்னு நெருக்கமா நடுங்க. காடா வளர்ந்தா ஊர்ச்சூடு தணியும், மழைத்தண்ணி மண்ணுல இறங்கும், புழுதி அடங்கும்" என்றார். அதோடு போயிருக்கலாம். ஜீப்பில் ஏறும்போது, "இளங்கன்னு வெயில் தாங்காது. கொஞ்ச நாள் நிழல் கொடுங்க" என்றும் சொல்லிவிட்டார்.

நட்டு முடித்ததும் பேரூராட்சித் தலைவர் ஏகாம்பரம் கூட்டம் போட்டார்.

"நிழல் குடுக்கச் சொல்லிட்டாங்கய்யா. நிழலுக்கு எங்க போறது?"

"நம்ம ஊர்ல நிழல் வெச்சிருக்கிறது அந்தப் புங்கமரம் ஒண்ணுதான் தலைவரே" என்றார் உறுப்பினர் சூசை.

"அப்ப அதைக் கொண்டாந்துருவோம்."

அரிவாளோடு வந்தவர்களைப் பார்த்து வடிவாம்பா குறுக்கே நின்றாள். "யோவ், காடு வளர்க்க எவனாவது மரத்தை வெட்டுவானா?"

"புரியாமப் பேசாதம்மா. உனக்கு நிழல் போனா ஒரு ஆளுக்குத்தான் கஷ்டம். அங்க ஐநூறு உயிர் காயுது" என்று கன்றுகள் பக்கம் கையைக் காட்டினார் ஏகாம்பரம்.

மரம் பந்தல்கால் ஆனது. மேலே தகரம் போட்டார்கள். சாயங்காலம் பக்கவாட்டில் வெயில் வந்தது. நாலு பக்கமும் தகரம் அடித்தார்கள். உள்ளே கும்மிருட்டு. டியூப்லைட் மாட்டினார்கள். பூட்டிய தகரக்கொட்டகை அடுப்பு மாதிரி காய, கன்றுகள் தலை தொங்கின.

"மூச்சு முட்டுது போல" என்றார் இன்னொரு உறுப்பினர் பக்கிரி. ஃபேன் மாட்டினார்கள். அது அனலை அள்ளி அடித்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் ஆறு ஏசி வைத்தார்கள்.

ஏசியின் முதுகெல்லாம் வடிவாம்பா பக்கம். முன்னே கரிப்பெட்டி, பின்னே ஆறு மெஷின் ஊதுகிற அனல், உச்சியில் சூரியன். "உங்க காட்டுல தீயை வைக்க!" என்று திட்டுவாள். திட்டக்கூட முடியாமல் நாக்கு வறண்டது.

இரண்டு மாதம் கழித்து அதிகாரி அம்மா வந்தார்.

"காடு எங்கய்யா?"

"உள்ள வாங்கம்மா. கதவைச் சாத்திட்டு வாங்க, குளிரு வெளிய போயிரும்."

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். முப்பது வருஷ சர்வீசில் இப்படியொரு காட்டைப் பார்த்தது அன்றைக்குத்தான். வெளியே வந்தபோது வடிவாம்பா பிடித்துக்கொண்டாள். "அம்மா, எனக்கு நிழல் எப்ப வரும்?"

"முதல்ல இந்தக் கூரையைப் பிரிங்கய்யா! வெயிலும் மழையும் படட்டும். அப்பத்தான் இந்தம்மாவுக்கு நிழல் வரும், ஊரும் குளிரும்!" என்று கத்திவிட்டுப் போனார்.

அன்றைக்கே பிரித்தார்கள். ஏசி மட்டும் பந்தல்காலில் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏசியை நிறுத்தச் சொன்னாங்களா?" என்றார் பக்கிரி.

"சொல்லலையே. கூரையைப் பிரிச்சா ஊர் குளிரும்னுதான் சொன்னாங்க" என்றார் சூசை.

"அதான் விஷயம்! இத்தனை நாள் குளிரை உள்ள அடைச்சுல்ல வெச்சிருந்தோம்!" என்று ஏகாம்பரம் தொடையில் தட்டினார். உடனே முகம் மாறியது. "ஏய்யா, ஆறு ஏசிக் குளிரும் மொத்தமா வெளிய வந்தா ஊர் தாங்குமா? கைக்குழந்தை இருக்கிற வீடெல்லாம் இருக்கே!"



மறுநாள் உச்சிவேளையில் வடிவாம்பாவின் வண்டிமேல் தொப்பென்று ஒரு மூட்டை விழுந்தது. இருநூறு கம்பளி. மூவரும் ஆளுக்கொன்றைப் போர்த்திக்கொண்டு, வேர்வை சொட்டச் சொட்ட நின்றார்கள்.

"சீக்கிரம் தேச்சுக் குடு தாயி" என்றார் ஏகாம்பரம். "குளிரு கிளம்பிருச்சு. வந்து சேர்றதுக்குள்ள வீடு வீடாக் குடுத்தாகணும்."