உடைப்பு மண் கடம்

வழக்கமாகக் கதை கேட்கிறவர்கள்தான் கேள்வி கேட்பார்கள். இந்தக் கதையில் கடைசியில் கேட்கப்போகிறவன் நான், பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். ஆகவே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

வைகைக்குத் தெற்கே வேலங்குளம் என்றொரு ஊர். குயவர்கள் நிறைந்த ஊர், கடம் செய்வதில் பேர் பெற்றது. ஓர் ஐப்பசி மழையில் அந்த ஊர்க் கண்மாயின் கரை உடைந்து, கீழத்தெருவை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. மடையைத் திறந்திருந்தால் கரை தாங்கியிருக்கும். திறக்க வேண்டியவன் நீர்பாய்ச்சி சேவுகன். அவன் திறக்கவில்லை. கரை இளகியதைப் பார்த்து மண்வெட்டியோடு ஓடிய அவனையும் வெள்ளம் விடவில்லை.

ஏன் திறக்கவில்லை? முந்தின வருஷம் மழை வலுக்கும் என்று பயந்து தானாகவே திறந்துவிட்டான். மழை ஏமாற்றிவிட்டது, பயிர் கருகியது. ஊர்த் தலைவர் பெரியகருப்பன் அம்பலம் அவனை அய்யனார் கோயில் வாசலில் நிறுத்தி, ஊர் வார்த்தை இல்லாமல் இனி மடையில் கை வைப்பதில்லை என்று சத்தியம் வாங்கினார். உடைப்பு அன்று சேவுகன் அந்த ஒரு வார்த்தைக்காக மடையருகே காத்திருந்தான். கொட்டுகிற மழையில் யாரும் போகவில்லை.

இது ஊரறிந்த விஷயம். இருந்தும் பழி அவன் தலையில்தான் விழுந்தது. செத்தவன் எழுந்து வந்து வழக்காடவா போகிறான்?

செத்தவர்கள் நினைவாக, கரை உடைந்த வாயில் கிடந்த மண்ணை எடுத்தே ஒரு கடம் செய்வது, வருஷா வருஷம் அந்த நாளில் கோயிலில் வாசிப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தது. கடத்துக்கு மண்ணோடு பித்தளைப் பொடியும் சேர்ப்பார்கள். ஆகவே செத்தவர் புழங்கிய பித்தளைச் சாமான் ஒன்றை வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். அம்பலம் கொடுத்தது தன் பேரனின் பால் கிண்ணம்.

சேவுகனின் மனைவி இருளாயி, அவனுடைய வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவந்தாள். வெள்ளத்தில் போனவர்களோடு அவனையும் ஒருவனாகச் சேர்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை. அம்பலம் மறுத்துவிட்டார். அவர் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேரனைத் தோளில் போட்டு வளர்த்தவர். கடம் செய்ய ஒப்புக்கொண்ட பூவாயியிடம், ஊர் வேண்டாம் என்றது எதுவும் மண்ணில் சேராது என்று கையடித்து வாக்கு வாங்கிக்கொண்டார்.

பிள்ளைகள் இரண்டையும் பறிகொடுத்த நாச்சம்மை, அழுதுகொண்டே திரும்பிய இருளாயியை வழிமறித்து அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். பெட்டியாகக் கொடுத்தால் ஊரே அடையாளம் கண்டுவிடும். வீட்டிலேயே அரத்தால் ராவிப் பொடியாக்கினாள். தன் பிள்ளைகள் குடித்த தம்ளரோடு அந்தப் பொட்டலத்தையும் பூவாயியிடம் கொடுத்து, "இதுவும் எங்க வீட்டுதுதான் மதினி" என்றாள்.

வேறெந்த வீட்டாரும் பொடியாகக் கொண்டுவரவில்லை. பூவாயிக்குப் புரியாமல் இருக்குமா? பொட்டலத்தைப் பார்த்தாள், நாச்சம்மை முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் மண்ணில் கொட்டி மிதித்தாள். கடம் சூளையிலிருந்து கீறல் இல்லாமல் வந்தது. தட்டினால் கணீரென்றது.

நினைவு நாள் வந்தது. வித்துவான் கடத்தை மடியில் வைத்தார். செத்தவர் வீட்டார் முன்வரிசையில் இருக்க, இருளாயி கோயிலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். நாச்சம்மைக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று ஊர் கேட்கச் சொன்னாள்.

"உள்ள வா இருளாயி. உன் வீட்டுக்காரரும் இதுக்குள்ளதான் இருக்காரு."

கூட்டம் கொதித்தது. உடைத்துப் போடு என்றார்கள். அம்பலம் கம்பை ஓங்கிவிட்டார். பூவாயி தடுக்கவில்லை.

"தெரிஞ்சுதான் கொட்டுனேன், தப்பு என் பேர்லதான். உடைங்கய்யா. சூளையில வெடிச்சா வேணுமேன்னு எல்லார் சாமான்லயும் பாதியை ராவாம வச்சிருக்கேன். வேற கடம் செஞ்சு தர்றேன்."

"சேவுகன் பெட்டியில மிச்சம் இருக்கா?" என்று கேட்டார் அம்பலம்.

"இல்லய்யா. அது பூராவும் இதுலயே போயிருச்சு."

அம்பலம் ஓங்கிய கம்பைக் கீழே போட்டார். இருளாயியைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டு, வித்துவானைப் பார்த்து "வாசிங்க" என்றார்.

இப்போது சொல்லுங்கள். பொய் சொல்லிச் சேர்த்தாள் நாச்சம்மை. தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தாள் பூவாயி. ஓங்கிய கம்பைப் போட்டார் அம்பலம். இதில் யார் செய்தது சரி?

என் பதில்: அம்பலம் செய்ததுதான். நாச்சம்மை தன் பிள்ளைகளுக்காக மன்னிக்கலாம், அந்த உரிமை அவளுக்கு உண்டு. மற்றவர்கள் பிள்ளைகளுக்காகவும் சேர்த்து, அவர்களைக் கேட்காமலே மன்னித்துவிட்டாள். பூவாயி கையடித்துக் கொடுத்த வார்த்தையைத் தெரிந்தே மீறினாள். நல்ல மனசுதான் இருவருக்கும். ஆனால் அம்பலத்துக்கு வேறு வழி இருந்தது. உடைத்திருந்தாலும் பேரன் அடுத்த கடத்தில் இருப்பான், ஊரும் அவரை மெச்சியிருக்கும். அந்தக் கடத்தோடு இல்லாமல் போயிருக்கக்கூடியவன் சேவுகன் ஒருவன்தான். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அவர் கம்பைப் போட்டார். அன்று கோயில் பொங்கலில் இருளாயியின் பங்கை அம்பலமே அவள் வீட்டுக்கு எடுத்துப் போனார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "மழையன்னைக்கு மடைக்கும் இப்படி ஒரு நடை வந்திருக்கலாமேய்யா" என்றாள். "வந்திருக்கணும்த்தா" என்றார் அவர்.