அணைச்சும் அடங்காத கம்பி

ஒரு ஊர்ல ஒரு பொற்கொடி இருந்தா. ராஜபாளையம் பக்கம், ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடு. நடு ரூமுக்கு ஜன்னலே கிடையாது, பட்டப்பகல்லயும் கும்மிருட்டு. அந்த ரூம்லதான் அவ அம்மா செல்லத்தாயி படுத்திருந்துது. ம் சொல்லுடி. காலைத் தூக்கி என் மேல போடாத, கதை நின்னுடும்.

ஏன் படுத்திருந்துதுன்னா, கட்டில் இந்த மூலையில, லைட்டு சுவிட்ச் அந்தக் கதவுக்குப் பின்னாடி. இருட்டுல தடவிக்கிட்டே போனதுல தடால்! இடுப்பெலும்பு போச்சு. ஆபரேஷன் பண்ணியாச்சு, வாக்கர் பிடிச்சு நடக்கலாம்னு டாக்டரும் சொல்லியாச்சு. ஆனா லைட்டைப் போட்டு பாத்ரூமுக்குக் கூட்டிப்போக மகளைக் கூப்பிடணுமே, அதுல அந்தம்மாவுக்கு மானமே போற மாதிரி இருக்கும். பொற்கொடிக்கு லீவு முடிஞ்சுது, திங்கக்கிழமை வேலைக்குப் போகணும். தனியா விட்டா அம்மா சும்மா கிடக்குமா? திரும்ப இருட்டுல இறங்கும், திரும்ப விழும். இந்தப் பயத்துல அவளுக்குச் சோறு இறங்கல.

அப்போ பெங்களூர்ல இருந்து அண்ணன்காரன் ஒரு பார்சல் அனுப்பினான். வாயால சொன்னா லைட்டு எரியற சுவிட்ச், அதுக்கு ஜோடியா நாம சொல்றதைக் கேட்டுப் பேசற டப்பா. வந்து மாட்டிக் குடுக்க மட்டும் துரைக்கு நேரமில்ல! எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டா, "இதோ கிளம்பிட்டேன்க்கா"ங்கறான். கிளம்பினவன் கிளம்பிக்கிட்டே இருக்கான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் பொற்கொடி சேலையை இழுத்துச் சொருகினா. "நானே மாட்டறேன்மா."

"உனக்கு என்னடி தெரியும்?"

"வீடியோ பார்த்தேன்."

"வீடியோ பார்த்து நான் பிளேனு ஓட்டுவேன்" அப்படின்னுச்சு அம்மா. ஆனா கட்டில்ல உக்காந்தபடியே செல்போன் டார்ச்சை அடிச்சுக் காட்டுச்சு. பெத்த மனசு இல்லையா.

பொற்கொடி மெயினை அணைச்சா. டக்! ஃப்ரிட்ஜு கப்சிப். டெஸ்டரை எடுத்து பிளக் ஓட்டையில வச்சுப் பார்த்தா, எரியல. சரி, வீட்ல எங்கயும் கரண்ட் இல்லன்னு நினைச்சுட்டா.

ஆனா கேளு. மாடிப்படிக்கு அடியில இன்வெர்ட்டர் ஒண்ணு ஊஊஊம்னு முழிச்சுக்கிட்டே இருந்துது. கரண்ட் போனா லைட்டையும் ஃபேனையும் அதுதான் எரிய வைக்கும். பிளக்குக்கு அதுல இருந்து கரண்ட் போகாது. தினம் பார்க்கற விஷயம்தான், அன்னைக்குன்னு பார்த்து அவ புத்தியில ஏறல. மார்கழி குளிருக்கு ஃபேனும் போடல. அந்த ஊஊம் சத்தமும் காதுல விழல. ம் சொல்லு! பயமா இருக்கா? எனக்கே இருக்கு.

முதல் தடவை, பழைய சுவிட்ச்சைக் கழட்டி, அதுல இருந்த ரெண்டு கம்பியையும் புதுசுல சொருகினா. வெறும் கம்பி கையில படாம தப்பிச்சது அவ அதிர்ஷ்டம். மெயினைப் போட்டா, புது சுவிட்ச் முழிக்கவே இல்ல. திரும்ப வீடியோ பார்த்தா, கரண்ட் திரும்பிப் போற கறுப்புக் கம்பி, நியூட்ரல்னு பேரு, அதுவும் வேணுமாம்.

ரெண்டாவது தடவை, மறுபடி மெயின் டக், மறுபடி பிளக்ல டெஸ்டர். வாக்கரை ஓரமாத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூல் மேல ஏறி, புது சுவிட்ச்சைக் கழட்டி, உயரத்துல இருந்த சுவிட்ச் பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்தா. மூலையில மடிச்சு டேப் சுத்தின கறுப்புக் கம்பி ஒண்ணு இருந்துது. "இருக்கும்மா!"ன்னு சந்தோஷத்துல விரலை உள்ள விட்டா பாரு...

சுரீர்ர்ர்! பக்கத்துல இருந்த சுவிட்ச் கம்பியில விரல் பட்டு, தோள் வரைக்கும் இழுத்துது. ஸ்டூல் ஒரு பக்கம், பொற்கொடி ஒரு பக்கம், தொபுக்கடீர்! அம்மா கையில இருந்த போனும் விழுந்து, டார்ச்சு அணைஞ்சு போச்சு. ஒரே இருட்டு.

"பொற்கொடி! அய்யோ, எம்புள்ள!"

அவளுக்குக் கை மரத்துப்போச்சு, பேச்சு வரல. அப்போ இருட்டுக்குள்ள கட்டில் கிறீச்சுன்னுது. அம்மா இறங்குது! வாக்கரும் பக்கத்துல இல்ல!

"எந்திரிக்காதம்மா! காலைக் கீழ வைக்காத!"

"நீ செத்துக் கிடக்கியோன்னு நான் உக்காந்துட்டு இருக்கணுமாடி?"

சரக்... சரக்... ஒரு கால் தரைக்கு வந்துடுச்சு. பொற்கொடி தரையோட தரையா ஊர்ந்து போய், ஒத்தைக் கையால அம்மா முழங்காலைக் கட்டிக்கிட்டா.

"இந்த எழவே வேணாம். நான் இருட்டுலயே கிடந்துக்கறேன்" அப்படின்னு அம்மா அழுதுது.

"நீ கிடக்க மாட்டம்மா. உன்னை எனக்குத் தெரியும்" அப்படின்னு இவளும் அழுதா.

அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு யோசிச்சா. மெயின்தான் அணைஞ்சிருக்கே, எப்படி அடிச்சுது? போனைத் தேடி டார்ச்சைப் போட்டு, டெஸ்டரை இந்தத் தடவை அவளை அடிச்ச கம்பியிலயே வச்சா. பளிச்சுனு எரியுது! மெயினை அணைச்ச வீட்ல! அப்பத்தான் ஊஊஊம் காதுல விழுந்துது. "அட கூறு கெட்டவளே"ன்னு தன்னையே திட்டிக்கிட்டுப் போய் இன்வெர்ட்டரையும் அணைச்சா.

மூணாவது தடவை, ஒவ்வொரு கம்பியா டெஸ்டர் வச்சா. எரியல, எரியல, இதுவும் எரியல. அப்புறம்தான் கை வச்சா. அம்மா மூச்சு விடாமப் பார்க்குது. அந்தக் கறுப்புக் கம்பியையும் சொருகி, திருகி, மூடி, இன்வெர்ட்டரைப் போட்டு, மெயினையும் போட்டு, பேசற டப்பாவையும் ஜோடி சேர்த்துட்டு, "சொல்லும்மா" அப்படின்னா.

அம்மா டப்பாவை முறைச்சுது. "லைட் ஆன்!"னு கடன்காரனை அதட்டற மாதிரி அதட்டுச்சு.

குப்புனு ரூம் முழுக்க வெளிச்சம்!

செல்லத்தாயி வாக்கரைப் பிடிச்சுது. டொக்... டொக்... டொக்... பொற்கொடி பின்னாடியே கையை நீட்டிக்கிட்டே போனா. பாத்ரூம் வாசல்ல அம்மா திரும்பிப் பார்த்து, "ஏண்டி, உள்ள வரைக்கும் வரப்போறியா? போய் வேலையைப் பாரு" அப்படின்னு அவ மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்துச்சு. பொற்கொடிக்குச் சந்தோஷம்னா சந்தோஷம், அங்கேயே சுவத்துல சாஞ்சு ஓன்னு அழுதா.

அவ்வளவுதான் கதை. ம் சொல்லலையே, தூங்கிட்டியா? தூங்கு, தூங்கு. நான் லைட்டை அணைக்கறேன்.