ஒன்பதாவது அடி

நாச்சிமுத்துவுக்கு முப்பத்தெட்டு வயது. பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். அவனுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கும் ஸ்டெஃபிக்கு இருபத்து மூன்று. அவன் அவரை மாஸ்டர் என்பான். அவர் அவனை அண்ணா என்பார். இரண்டு பேருக்கும் இதில் சங்கடம் இருந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் வகுப்புக்கு வந்தவன் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டான்.

"மாஸ்டர், உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஃபில் எதுங்க?"

ராக் பாட்டில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி வருமுன் டிரம்மர் ஒரு சுற்று உருட்டி அந்த இடைவெளியை நிரப்புவார். அதற்குத்தான் ஃபில் என்று பெயர்.

"போன மாசம் இன்ட்ரோ கேட்டீங்க. இப்ப ஃபில்லு. அடுத்த மாசம் சோலோவாங்கண்ணா?"

"அதுக்கில்லீங்க. இன்னிக்கு ஆறு மணிக்கு எங்க பேண்டுக்கு பிராக்டீஸ். புதுசா ஒண்ணு இறக்கலாம்னு."

"ஆண்டு விழாவுல வாசிச்சீங்களே, அது என்னாச்சு?"

"அதுக்கு விசிலடிச்சுக் கைதட்டுனாங்க."

"அப்புறம் எதுக்குப் புதுசு?"

நாச்சிமுத்து ஸ்டிக்குகளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"பாட்டு பாதியில நின்னு போச்சுங்க. பேக்கிங் செக்‌ஷன் தமயந்திதான் பாடுச்சு. மொத தடவ மேடை. என் ஃபில் முடிஞ்சு ரெண்டாவது சரணம் எடுக்கறப்பத் தடுமாறிருச்சு. கம்பெனி முழுக்கச் சிரிச்சுட்டாங்க. அந்தப் பொண்ணுக்குத் தாளம் நிக்கலைன்னு கிட்டார் வாசிக்கிற மோகன்ராஜ் சார் வேற ஆளை வரச் சொல்லிட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க."

அது முழு உண்மை இல்லை. மோகன்ராஜ் அப்படிச் சொன்னபோது அவன் தலையாட்டியிருந்தான்.

மாஸ்டர் எழுந்து போய் அறையின் ஒரு ஓரத்தில் நின்றார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"உக்காருங்க. அந்தப் பாட்டோட பீட்டை வாசிங்க. நான் கண்ணை மூடிட்டு நடப்பேன். ஒரு எண்ணிக்கைக்கு ஒரு அடி. எட்டு எண்ணி சிம்பல் அடிங்க. சிம்பல் கேட்டதும் திரும்பிருவேன்."

நாச்சிமுத்து வாசித்தான். மாஸ்டர் கண்ணை மூடி நடந்தார். எட்டு அடி. சிம்பல் தட்டில் அடி விழுந்தது. சுவருக்கு ஒரு சாண் முன்னால் திரும்பி, அதேபோல நடந்து பழைய இடத்துக்கு வந்து நின்றார்.

"இப்ப கைதட்டு வாங்குன ஃபில்லோட வாசிங்க."

"இப்ப வேண்டாமுங்க, மாஸ்டர்."

"ஏங்கண்ணா?"

காரணம் இருந்தது, ஆனால் சொல்லக்கூடியதாக இல்லை. அவன் வாசிக்கத் தொடங்கினான்.

நாலு எண்ணிக்கை சும்மா போனது. ஐந்தாவதில் ஃபில் தொடங்கியது. சின்ன டிரம்மில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக உருண்டு இறங்கி, பெரிய டிரம்முக்கு வந்து, அங்கே கூடுதலாக ஒரு உருட்டு உருண்டு, அப்புறம் சிம்பலில் விழுந்தது. அழகாகத்தான் இருந்தது.

சிம்பலுக்கு முன்னால் மாஸ்டரின் நெற்றி சுவரில் மோதியது.

நாச்சிமுத்து எழுந்து ஓடினான். மாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"என் தப்புதாங்கண்ணா. ஒரு அடி கூட வெச்சுட்டேன்."

நாச்சிமுத்துவின் காது மடல்கள் சுட்டன. மேடையிலிருந்து இறங்கியதும் தமயந்தி அவனிடம்தான் முதலில் வந்தாள். "சாரிங்கண்ணா, உங்க நல்ல வாசிப்பை நான் கெடுத்துட்டேன்" என்றாள். அவன் "பரவால்ல, விடு" என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தான்.

"இன்னொரு தரம்" என்று மாஸ்டர் பழைய இடத்துக்குப் போனார்.

"சரி பண்ணி வாசிக்கிறேனுங்க."

"சரி பண்ணாதீங்க. அதே ஃபில்."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் சிவப்பு ஏறியிருந்தது. நாச்சிமுத்து வாசித்தான். ஐந்து, ஆறு, ஏழு. மாஸ்டரின் கால் கொஞ்சமும் தயங்கவில்லை. கைகளை முன்னால் நீட்டிக்கொள்ளவும் இல்லை. எட்டாவது அடி வைத்து அடுத்த காலைத் தூக்கினார்.

"நில்லுங்க மாஸ்டர்."

ஸ்டிக்குகள் அவன் கையில் அப்படியே நின்றன. மாஸ்டர் தூக்கிய காலை மெதுவாக இறக்கினார்.

"நான்தானுங்க ஒண்ணு கூட அடிச்சேன்" என்றான் நாச்சிமுத்து. "எட்டுல முடியணும். ஒன்பதுக்கு இழுத்துட்டேன். கிட்டாரும் பாஸ் கிட்டாரும் என் சிம்பலைப் புடிச்சுட்டு வந்துட்டாங்க. அந்தப் பொண்ணு மட்டும் எண்ணிச் சரியான இடத்துல எடுத்துச்சு. அதனால அதுதான் தப்புன்னு ஆயிப்போச்சு."

"இதை எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"வாசிக்கிறப்பவே தெரியுமுங்க."

"அப்ப ஏன் சொல்லலை?"

நாச்சிமுத்து ஸ்டிக்குகளைக் கீழே வைத்தான்.

"கைதட்டிட்டு இருந்தாங்க, மாஸ்டர்."

மாஸ்டர் பாட்டிலைத் திறந்து, தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"தமயந்திகிட்ட மன்னிப்புக் கேட்டுடறேனுங்க" என்றான் கடைசியில். அதைச் சொன்னதும் மூச்சு சற்று இலேசாக வந்தது. "திங்கக்கிழமை கேன்டீன் பக்கம் தனியாக் கூப்பிட்டு, காதோட காதா சொல்லிடறேன்."

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"அன்னிக்கு எல்லாரும் தமயந்தியைத் தனியாக் கூப்பிட்டா சிரிச்சாங்க, அண்ணா?"